கரும்பு மிஷினில் பிறந்த வீராங்கனை

கோலியனூர் அன்புச்செல்விக்கு இடக்கைப் பழக்கம். அவள் அம்மா வெள்ளையம்மாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்பு ஜூஸ் போடுபவள். சின்ன வயதில் மகளின் அந்தக் கையில் அவள் போட்ட அடி கொஞ்சநஞ்சமல்ல. "பீச்சாங்கைய நீட்டாதடி, நாலு பேரு முன்னாடி மானம் போவுது!" மகள் டிராயிங் டீச்சரான பிறகும் அந்தப் பாட்டு ஓயவில்லை.

போன மாதம் புதுச்சேரியில் ஓர் அச்சுப்படக் கண்காட்சிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நானூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஓவியர்களை மாவீரர்கள் மாதிரி செதுக்கி அச்சடித்தார்கள் என்று எப்போதோ படித்திருந்தாள். 'அவங்க மட்டும்தான் வீரர்களா?' இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நம் பக்கத்து நடுகல் மாதிரி அச்செடுப்பதற்கான மெத்தென்ற லினோலியத் தகட்டில் தன்னையே செதுக்கினாள். அள்ளி முடிந்த கொண்டை, வரிந்து கட்டிய புடவை, காலடியில் புலி, கத்திக்குப் பதில் செதுக்குகிற உளி. அந்த உளியை மட்டும் வலக்கையில் கொடுத்துவிட்டாள். கண்காட்சிக்கு அம்மாவும் வருகிறாளே!

அச்சடிக்க வேண்டிய நாளில் பிரஸ்காரர், மிஷின் உடைந்துவிட்டது என்று கையை விரித்தார். நல்ல காகிதமோ ஒன்றே ஒன்று. சாயங்காலத்துக்குள் படம் புதுச்சேரி போயாக வேண்டும். அன்புச்செல்வி நேரே அம்மாவின் வண்டிக்கு ஓடினாள்.

"இன்னாடி இது, கரும்பு நசுக்குற மிஷின்ல பொம்மை அடிக்கப் போறியா? பேஜாரு பண்ணாத!" என்று கத்திக்கொண்டே வெள்ளையம்மாள் உருளைகளைத் துடைத்துக் கொடுத்தாள். மை தடவிய தகடு, மேலே காகிதம், அதற்கும் மேலே கம்பளித் துண்டு. சக்கரத்தை அம்மாவே சுற்றினாள்.

காகிதத்தை உரித்ததும் அன்புச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அச்சில் இடம் வலமாக மாறும் என்று பெயரை ஒழுங்காகத் திருப்பிச் செதுக்கிய மகராசி, கையை மறந்துவிட்டாள். உளி இடக்கையில் மின்னியது!

ஜூஸுக்கு நின்றவர் எட்டிப் பார்த்தார். "யாருக்கா இது, புலிய மெறிச்சிக்கினு நிக்கறது?"

வெள்ளையம்மாள் படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் பொண்ணுங்க. பீச்சாங்கைக்காரி," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "அந்தக் கையாலதான் இத செதுக்கினா!"

அன்புச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா ஒரு கிளாஸ் ஜூஸை நீட்டினாள். மகள் வழக்கம்போல வலக்கையை நீட்டவும், அம்மா கிளாஸைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கைய நீட்டுடி."