மேளம் நின்றதும் விழித்தாள்

"மேட்சுக்கு வா. ஆனா பாப்பா வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் மூத்தவள். அவளுக்குப் பதினாறு, எனக்கு நாற்பத்து நான்கு, பாப்பாவுக்கு ஆறு மாதம். இந்த மூன்று வயதையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பைத் தன் கூடைப்பந்து அணியில் ஒருத்திக்கும் தரக் கூடாது என்பதில் குறியாக இருந்தாள். வீட்டில் பாப்பாவைத் தரையில் விடமாட்டாள். வெளியிலோ, தங்கை பிறந்ததையே யாரிடமும் சொல்லவில்லை.

வயிறு, அறுவை, பால், தூக்கமின்மை என்று ஒரு வருஷமாக அவள் ஆடி நான் பார்க்கவில்லை. இந்த அரையிறுதியையாவது பார்த்துவிட வேண்டும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மத்தியானம் போன் செய்தார். "இன்னிக்கு வர முடியாதும்மா, ஆதம்பாக்கத்துல தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல." கணவர் வேலையாகக் கோயம்புத்தூரில். நான் போகாமல் இருந்திருக்கலாம். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், துப்பட்டாவுக்குள் ஒரு குழந்தையை ஒளித்துவிடலாம் என்று நம்பினேன்.

மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் ஆட்டோ நத்தையாக ஊர்ந்தது. "கைக்கொழந்தய தூக்கிகினு மேட்சுக்கா? இன்னாம்மா நீ" என்றார் ஓட்டுநர். துப்பட்டாவைப் பாப்பாவின் தலைமேல் இழுத்துவிட்டேன்.

மைதானத்தின் சிமென்ட் படிகளில் எனக்கு முன்பே அறிவுரை வந்து உட்கார்ந்திருந்தது. காதில் பஞ்சு வைத்தீர்களா? தொப்பி எங்கே, பனி இறங்குதே? தாய்ப்பாலா, பவுடர் பாலா? பால் கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்புவதற்குள் மகள் பந்தைப் போட்டு முடித்திருந்தாள். வலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. டயப்பர் மாற்றி நிமிர்ந்தேன், மறுபடி வலை. பக்கத்திலிருந்த அம்மாள் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு "பேத்தியா?" என்றார். "பொண்ணு" என்றேன். அவரும் அவருடன் வந்த மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் வலை ஆடுவதைப் பார்க்கவா வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. மடியில் பாப்பா நெளிந்தாள், சிணுங்கினாள், என் தலைமுடியைப் பிடித்து உலகத்தையே இழுப்பதுபோல் இழுத்தாள்.

அப்போதுதான் கீழ்ப்படியில் மகளின் அணிக்காக வந்திருந்த பையன்கள் தப்பட்டையை எடுத்தார்கள். அடி என்றால் அப்படி ஓர் அடி. சிமென்ட் அதிர்ந்தது, என் விலா எலும்பு அதிர்ந்தது. பாப்பா கொட்டாவி விட்டாள். தாலாட்டுக்கும் தொட்டிலுக்கும் ஒரு மணி நேரம் மசியாதவள், அந்த இடிக்கு இரண்டே நிமிடத்தில் உறங்கிப்போனாள்.

பிறகு எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். என் மகளுக்கு இவ்வளவு நீளமான கைகளா? காற்றில் ஏறியவள் இறங்க மறந்ததுபோல் ஒரு கணம் அங்கேயே நின்றாள். மேளத்தின் மேல் ஓடினாள், மேளத்தின் மேல் திரும்பினாள். வீட்டில் கதவை அறைந்து சாத்தும் பெண் இவள்தானா என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடியச் சில நொடிகள். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். மகளை யாரோ இடித்துத் தள்ள, அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, ஒன்றுக்கு ஒரு புள்ளி. மேளம் நிற்காமல் முழங்க, முதல் பந்து உள்ளே.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கொழந்த தூங்குது, பாவம். நிறுத்தச் சொல்லட்டாம்மா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்திலிருந்த அந்த நான்கு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துவைத்தேன்.

"டேய் தம்பிங்களா, கைக்கொழந்த கீதுப்பா, கொஞ்சம் நிறுத்துங்க."

நல்ல பையன்கள். உடனே நிறுத்தினார்கள். ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த அமைதி பாப்பாவின் மேல் பச்சைத்தண்ணீரைப் போல விழுந்தது. கண் திறந்து, சுற்றிப் பார்த்து, மைதானமே திரும்பும்படி வீறிட்டாள். பந்தைக் கையில் வைத்திருந்த மகளும் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள். அவள் எறிந்த பந்து வளையத்தில் இரண்டு முறை குதித்து வெளியே விழுந்தது. ஆட்டம் முடிந்த விசில்.

வியர்வையோடு அவள் படியேறி வர, பின்னாலேயே அணிப் பெண்கள். "ஆன்ட்டி, இது யாரு?" என்றாள் ஒருத்தி. நான் வாய் திறக்குமுன் மகள் "என் தங்கச்சி" என்றாள், பள்ளியில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பதுபோல. "அடிப்பாவி, சொல்லவே இல்ல?" என்று அவள் தோழிகள் சூழ்ந்துகொள்ள, பாப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"யாரும்மா மேளத்த நிறுத்தச் சொன்னது? அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குக் கை நிதானமா வரும்."

"அந்த மாமாதான்..."

"நீ வேண்டாம்னு சொன்னியா?"

"சொல்லலை."

"ஏன்?"

"நாலு பேர் பாத்துட்டிருந்தாங்க."

என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. ஒரு பாயிண்ட்டும்மா."

பாப்பாவோடு தோழிகள் நடுவே படியிறங்கிப் போனாள். நான் டயப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.