"இல்லை" என்று மட்டும்

நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம். காஜா பெராங் வீட்டிலிருந்து சைக்கிளில் டவுனுக்குப் போய், ஒரு ரப்பர் கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மனசெல்லாம் தாதிப் பயிற்சியில். அப்பா இல்லாத வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். "மிஸ்ஸி வேலையா? கண்டவனைத் தொட்டுத் துடைக்கிற வேலை நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவருக்குத் தெரியாமல்தான் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டேன்.

ஆபீஸ் டெலிபோன் போர்டில் ஓர் அக்கா இருந்தார். தங்கமான மனுஷி. பெரியவர்கள் கேட்டால் மொட்டையாக "இல்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நம் ஆட்களுக்கு அது மரியாதைக் குறைவு. நான் லீவு போட்டு இண்டர்வியூவுக்குப் போன அன்றைக்கென்று பார்த்துச் சித்தப்பா போனில் என்னைக் கேட்டிருக்கிறார்; அக்கா இழுத்திருக்கிறார்.

"உடம்பு சரியில்லையா?"

"சேச்சே, நல்லாத்தான் இருக்கா. இன்னைக்கு லீவுங்க."

"அப்ப எங்க?"

"ஆஸ்பத்திரியில ஏதோ இண்டர்வியூவாம்ங்க."

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத பேச்சு. கூட்டிப் பார்த்தால் என் குடுமி அவர் கையில். என்னை உள்ளே கூப்பிடுவதற்குள் வந்து, மேட்ரன் பார்த்துக்கொண்டிருக்க, பெஞ்சிலிருந்து இழுத்துக்கொண்டு போனார். அவமானத்தில் செத்தேன்.

மறுநாள் போர்டு முன்னால் நின்று கத்தித் தீர்த்தேன். "உன் சித்தப்பாதானே கேட்டாரு? வேத்து ஆளா?" என்று அக்கா அழுதார். கேட்பது யார் என்று பார்த்தாரே தவிர, கேட்டவர் தெரிந்துகொண்டு என்ன செய்வார் என்று அக்கா யோசிக்கவில்லை. இன்றைக்கும் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

சத்தம் கேட்டு வந்த மேனேஜர் துரை உத்தரவு போட்டார். ஆள் இல்லாவிட்டால், கேட்பது யாராக இருந்தாலும், "இல்லை" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட வேண்டும்.

சில வாரம் கழித்து, பேங்குக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

"யாரோ வெள்ளைக்காரம்மா, ஆஸ்பத்திரியாம், உன்னைக் கேட்டாங்க. எப்ப வருவே, எங்க போனேன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. நான் வாயே திறக்கலையே! இல்லைன்னு சொல்லி வச்சுட்டேன்."

துரை அறைக்கு ஓடி, அங்கிருந்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். மேட்ரன்தான் எடுத்தார். ஓர் இடம் காலியாச்சாம், அன்று சித்தப்பா இழுத்துப் போன பெண்ணுக்கே கொடுக்கலாம் என்று கூப்பிட்டாராம். ஆள் கிடைக்கவில்லை என்றதும் வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டாராம்.

வெளியே வந்தேன். அக்கா ஆசையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை சரியாச் செஞ்சேன்தானே?"

"சரியாத்தான் செஞ்சீங்கக்கா" என்றேன்.