சுவர் தாண்டிய இருமல்

பீளமேட்டில் நான் தனியாகக் குடியேறிய மார்கழியில், பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பின் புகை தினமும் என் அறைக்குள் புகுந்தது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேல் வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் நின்றால் புகை உயராது என்பது புவியியல் படித்த எனக்குத் தெரியும். ஆஸ்துமா இருந்தும், அறிமுகமற்றவர்களிடம் முறையிடத் தயங்கி, சன்னலைச் சாத்திக்கொண்டு இருமினேன்.

ஒரு காலையில் மூச்சுத் திணறியபோது, அதுவரை யாரும் தட்டாத என் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மா நின்றிருந்தார்.

“ஏனுங்க அம்மணி, உங்க இருமல் எங்கூடு வரைக்கும் கேக்குதுங்க. அடுப்ப அணைச்சுப்போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சுப்போடுவோமுங்களா?”

நான் கைகாட்டிய இன்ஹேலரை எடுத்துக் கொடுத்து, மூச்சு சீராகும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தார்.

வளிமண்டலத்தின் அடுக்குகளை வரிசையாகச் சொல்வேன். அவர்கள் வீட்டுப் புகையைக் கொண்டுவந்த அதே காற்று என் இருமலையும் அவர்களிடம் கொண்டுபோகும் என்று மட்டும் நினைத்ததே இல்லை.