வெட்டாற்றுப் பாலத்தில் நான் வாதாடியது

ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, இந்தியச் சட்டமே என்னை நம்பித்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வக்கீல் வந்து, போலீஸ் வண்டியை நிறுத்தினால் நமக்கு என்னென்ன உரிமை உண்டு என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தார். மற்ற பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் ஒருத்திதான் அத்தனையையும் ரஃப் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, யாராவது எங்களை நிறுத்த மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

காலாண்டு லீவில் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

அப்பா மஸ்கட்டில் இருந்தார். மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடுவார். அவர் வாங்கும் கார்டு ஐந்து நிமிஷம் தாங்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அம்மா பத்து மணிக்கே குளித்து, பூ வைத்து, மொபெட்டை எடுத்துவிடுவாள். அன்று பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன்.

வெட்டாற்றுப் பாலத்தில் ஏட்டு ஒருவர் கையைக் காட்டினார்.

அம்மாவிடம் லைசென்ஸ் உண்டு. ஆனால் தொலைந்துவிடக் கூடாதே என்று, அதைப் பட்டா, சிட்டாவோடு மஞ்சள் பையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். நிலத்துப் பத்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டா வயலுக்குப் போகிறோம் என்பது அவள் நியாயம்.

“லைசென்ஸ் எங்கம்மா?”

“வீட்ல இருக்கு சார். பத்திரமா.”

“அப்ப வீட்டையே ஓட்டிட்டு வந்திருக்கலாமே.”

அம்மா சிரித்துவிட்டு, “சாருக்கு எந்த ஊரு?” என்றாள். எங்கள் பக்கத்தில் எந்தச் சிக்கலுக்கும் முதல் மருந்து இதுதான். நாலு ஊரையும் ரெண்டு கல்யாணத்தையும் சொல்லிப் பார்த்தால், எதிரில் நிற்பவர் எப்படியும் உறவாகிவிடுவார். ஏட்டின் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர், என் அத்தை ஊருக்கு அடுத்த ஊர் என்று இரண்டே நிமிஷத்தில் தெரிந்தது.

“அட, அந்த ஊரா? இனிமே கையோட எடுத்துட்டு வாங்க தங்கச்சி. கெளம்புங்க” என்றார் ஏட்டு.

அம்மா வண்டியைக் கிளப்பினாள். மனப்பாடம் செய்ததெல்லாம் வீணாகப் போகிறதே என்று எனக்குப் பதறியது.

“பதினஞ்சு நாளைக்குள்ள கொண்டாந்து காட்டினாப் போதும்னு சட்டத்துலயே இருக்கு சார்” என்றேன். “நீங்க சும்மா மன்னிச்சு விட வேணாம்.”

அம்மா கையைப் பின்னால் விட்டுத் தொடையில் கிள்ளினாள். உரிமைக்காகப் போராடுகிறவர்கள் இதையெல்லாம் பார்க்கக் கூடாது.

ஜீப் நிழலில் உட்கார்ந்திருந்த எஸ்.ஐ.யை ஏட்டு கூப்பிட்டார். “சார், இங்க ஒரு வக்கீலம்மா வந்திருக்காங்க.”

எஸ்.ஐ. கேட்டுவிட்டு, “பாப்பா சொல்றது கரெக்டுய்யா. சட்டப்படியே செஞ்சுருவோம்” என்றார்.

செய்தார்கள். ஜீப்பிலிருந்து நோட்டீஸ் எழுதும் புத்தகம் ஒன்று வந்தது. அதற்குக் கார்பன் தாள் தேடினார்கள். வண்டி யார் பேரில், அவர் எங்கே, எத்தனை வருஷமாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள்.

“சார், பதினோரு மணிக்கு அவரு போன் வரும்” என்றாள் அம்மா.

“இதோ ஆச்சும்மா. கையெழுத்துப் போடுங்க.”

“படிச்சுப் பாக்காமப் போடாதம்மா!” என்று நான் தாளைப் பிடுங்கினேன். பாலத்தில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தேன். வண்டி நம்பரில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. திருத்தச் சொன்னேன். எஸ்.ஐ. வெகு சந்தோஷமாகப் புதுத் தாள் எடுத்தார்.

பூத்துக்குப் போனபோது மணி பதினொன்று இருபத்தைந்து. “ரெண்டு தடவ வந்துருச்சுக்கா. இன்னும் வரலன்னு எடுத்துச் சொன்னேன்” என்றார் பூத்துக்காரர். அம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, மூன்றாவது தடவையும் மணி அடித்தது. பக்கத்தில் இருந்தவள் நான். பாய்ந்து எடுத்தேன்.

ஏட்டு, எஸ்.ஐ., கார்பன் தாள், எட்டு, மூன்று என்று ஒன்று விடாமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்பறம்? அப்பறம்?” என்றார். ஒருவழியாக முடித்து, போனை அம்மாவிடம் நீட்டினேன்.

“என்னங்க, சாப்ட்டீங்களா?” என்றாள் அம்மா. அதோடு கார்டு தீர்ந்துபோனது.

போனைக் காதிலிருந்து எடுத்து, அதன் இடத்தில் வைத்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. கேஸில் நான் ஜெயித்ததை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பாலத்தைத் தாண்டினோம். அம்மா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்பா கொரலு எப்படிடி இருந்துச்சு?”

“லைன் ரொம்ப க்ளியர்மா” என்றேன். அவள் கேட்டது அதைத்தான் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.