வெள்ளிக்கிழமை வாளி

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, நான் வேலை செய்யும் கடையில் நல்ல நல்ல உடுப்புப் போட்ட மனிதர்கள் வரிசையாக நின்று ஒரு வாளியில் துப்புவார்கள். பர் துபாயில் ஒரு பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன ஒயின் கடை அது. உள்ளே என்ன விற்கிறோம் என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். வாரம் ஒரு மாலை சில புட்டிகளைத் திறந்து ருசி பார்க்கக் கொடுப்போம். வருகிறவர்கள் ஒரு வாய் எடுத்து, நாம் பல் தேய்த்துவிட்டுக் கொப்பளிப்போமே, அப்படியே கொப்பளித்து, பொளிச்சென்று வாளியில் துப்பிவிட்டு, "பிளம் பழ வாசம் வருகிறதே" என்பார்கள். எல்லாவற்றையும் முழுங்கினால் போதை ஏறி, கடைசிக் கோப்பையின் ருசி தெரியாதாம். காசு கொடுத்துத் துப்புகிற ஜனங்களை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் இங்கே வந்துதான் பார்த்தேன்.

துப்புகிற இடைவெளியில் அவர்கள் மெல்லுகிற ரொட்டிதான் என் பொறுப்பு. சவர்டோ என்று பெயர். தோசைக்கு வைப்பது போல முதல் நாளே மாவைப் புளிக்க வைத்து, பின்னறை அடுப்பில் சுட்டு, சுடச்சுட வெட்டி வைப்பேன். அத்தோடு விட்டார்களா? வாளியையும் நான்தான் எடுத்துப் போய்க் கொட்ட வேண்டும். எச்சில், ஐயா, ஊரார் எச்சில்! அதை இடது கையால் மட்டும்தான் தொடுவேன். வலது கை ரொட்டிக்கு. முதலாளியம்மா நாதின், லெபனான்காரி, கொஞ்ச நாள் இதைக் கவனித்துவிட்டு, "உனக்கு இடது கைப் பழக்கமா? சொல்லவே இல்லையே!" என்று, இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரிக்கோல் ஒன்றை வாங்கி வந்து பரிசளித்தாள். இன்றுவரை அதில் ஒரு நூலைக்கூட என்னால் வெட்ட முடியவில்லை.

ஊரில் 'பிரெட் கடையில் வேலை' என்றுதான் சொல்லியிருந்தேன். பொய்யொன்றும் இல்லையே! ஒயின் ஷாப் என்று அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்? எங்கள் ஊர் கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒயின் ஷாப்பின் கம்பிவலைக்கு முன்னால், அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகப் பள்ளிக்கூடச் சீருடையோடு எத்தனையோ மாலைகள் நின்றிருக்கிறேன். அம்மா கூப்பிட்டால் வரமாட்டார், நான் கூப்பிட்டால் வந்துவிடுவார். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன். அந்த வாசம் எனக்குக் குமட்டும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, அவர் டிக்கெட்டை நீட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்குவேன். அவருக்கும் அது தெரியும். என் மகன் பிறந்த அன்று, "இனித் தொடமாட்டேன்" என்றார். தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை அம்மா போனில் சொல்லிச் சொல்லி அழுவாள்.

இந்தக் குளிருக்கு அப்பா விசிட் விசாவில் அஜ்மானுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த வாரமே என் துப்பட்டாவில் யாரோ ஒயினைக் கொட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவருக்குச் சோறு போட்டேன். தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கப்பா, சாப்பிடலீங்களா?"

"உம்மேல வர்றது ரொட்டி வாசமில்ல கண்ணு. எனக்குத் தெரியாத வாசமா அது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையைப் பற்றி, வாளியைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினேன். சத்தியமாக நான் குடிக்கவில்லை என்றேன். "நானும் உங்கம்மாகிட்ட இப்படித்தான் சத்தியம் பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இவரா என்னைச் சந்தேகப்படுவது!

அந்தக் கோபத்தில்தான் அடுத்த வெள்ளிக்கிழமை அவரைக் கடைக்கே கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்து, நாலு சுவரிலும் அடுக்கியிருந்த புட்டிகளை அவர் அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் குடிக்கவில்லை என்று காட்டுவதற்காக, குடியை விட்டவரை இங்கே இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறேன். இவர் மறுபடி ஒரு வாய் வைத்தால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

நாதினுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? "உன் அப்பாவா! யல்லா, முதல் கோப்பை அவருக்குத்தான்" என்று அவர் கையில் திணித்துவிட்டாள். அப்பா வாங்கிக்கொண்டார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். நான் வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மெதுவாக என்னிடம் வந்து, கோப்பையைக் கவிழ்த்து வாளியில் ஊற்றினார்.

"துப்பலாம்னு அன்னைக்கு எவனும் எனக்குச் சொல்லித் தரலியே கண்ணு" என்றார்.

"அவருக்குப் பிடிக்கவில்லையா?" என்றாள் நாதின்.

"ரொம்பப் பிடிக்கும். அதனால்தான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் உசத்தியான ஒரு புட்டியை எடுக்கப் போனாள். "கலாஸ் நாதின், போதும்" என்று தடுத்தேன்.

அப்பா என் கையைப் பார்த்தார். "வாளிய எடங்கையிலதான் புடிச்சிருக்கறயா?" என்று சிரித்தார். வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தார். சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு துண்டு ரொட்டி தின்று, "புளிச்ச தோசையாட்டம் இருக்குது" என்றார்.

வீட்டுக்கென்று ஒரு முழு ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு அஜ்மான் பஸ் ஏறினோம். என் பக்கத்தில் உட்கார்ந்தவர், பஸ் கிளம்பியதும் எழுந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காத கண்ணு. உம்மேல இன்னும் அந்த வாசம் இருக்குது. என்னால முடியல."

நடைபாதைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஷார்ஜாவின் விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. இனி வரும் வெள்ளிக்கிழமைகளிலும் நான் அந்தக் கடைக்குப் போகத்தான் போகிறேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரொட்டியக் குடு, நான் வெச்சுக்கறேன்" என்று கை நீட்டினார். இன்னும் சூடாக இருந்த பொட்டலத்தை வலது கையால் நீட்டினேன். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.