பெருங்காயம் மணக்கும் பணம்

என் கணவர் தம் தகப்பனாருக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். அன்றைக்கு வீட்டில் பணம் இருந்தது. என் அடுப்படியில், அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

இதை இதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் எனக்கு யாரோ. நாளைக்கு என் வாசலில் வந்து நின்று, "நீயா இப்படிச் செய்தாய்?" என்று கேட்கமாட்டீர்கள். கேட்கமாட்டீர்கள்தானே?... பாருங்கள், உங்களையும் சந்தேகப்படுகிறேன்! என் பிறவிக் குணம் அப்படி. கீரைக்கட்டைக்கூட அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். கல்கத்தாவில், கிடர்பூர்த் துறைமுகத்துச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் முடித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. கல்யாணமாகி வந்தபோது பெஹாலாவில் வாடகைக்கு ஓர் அறை, ஒரு சின்ன அடுப்படி, ஒரு பால்கனி. மாடியில் வீட்டுக்கார அம்மாள். தெருவே அவரை மாஷிமா என்று கூப்பிட்டது, நம் ஊரில் பெரியம்மா என்பது மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் வருவதற்கு முன்பே கடன் வந்துவிட்டிருந்தது. அவருடைய தம்பி சேகர் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் வைக்கக் கடன் வாங்கினான். ஜாமீன் கையெழுத்து இவருடையது. ஆபீஸ் படுத்தது. கடன்காரர்கள் சேகரை விட்டுவிட்டு, மாதச் சம்பளக்காரரான இவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் கடன், பிறகு சொந்த வீடு என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். சம்பளத்தில் பாதி கடனுக்குப் போயிற்று. மிச்சத்தில் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, வீட்டுக்கென்று கொஞ்சம் ஒதுக்கினோம். வருஷா வருஷம் துர்கா பூஜைக்குத் தெருவே புதுத்துணியில் நடக்கும். நாங்கள் கல்யாணத்துக்கு எடுத்த துணியையே துவைத்து மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் பார்க்கப் போவோம். அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. இட்லி மாவு அரைத்தேன், பொடி இடித்தேன். நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் நல்ல இட்லிக்கு ஏங்கிக் கிடந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு பாக்கெட்டை எண்பது ரூபாய்க்கு விற்றேன்.

அவரிடம் அறுபது என்று சொன்னேன்.

பிள்ளைகள் போனை நீட்டினால், "ரொக்கமாக் கொடுங்கப்பா, எனக்கு அதெல்லாம் ஓடாது" என்பேன். ஓடாமல் என்ன! வங்கிக் கணக்கு எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. காசு விழுந்தால் அவர் போனில் செய்தி வந்துவிடும். அதனால்தான் ரொக்கம்.

சிறுவாடு சேர்ப்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் பாவமென்று நினைப்பதில்லை. புருஷனுக்குத் தெரியாமல் நாலு காசு ஒதுக்கி வைப்பாள். ஆபத்துக்கு எடுத்து நீட்டுவாள். குடும்பமே அவளைக் கெட்டிக்காரி என்று கொண்டாடும். என் அம்மாவும் அப்படித்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கும் வேண்டியிருந்தது. ஆனால் ஆபத்து வந்தபோது நான் எடுத்து நீட்டவில்லையே...

பணத்தை ஒளிக்கப் பழைய தகர டப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கட்டிப் பெருங்காயம் போட்டு வைக்கிற டப்பா. அவருக்குப் பெருங்காய நெடி ஆகவே ஆகாது. சாம்பாரில் கலந்துவிட்டால் சாப்பிடுவார். டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். அந்த அலமாரிப் பக்கமே வரமாட்டார். எப்படி யோசித்திருக்கிறேன் பாருங்கள்!

எதற்காக ஒளித்தேன்? சேகருக்குப் போய்விடும் என்ற பயம்.

சம்பளம் வந்த மறுநாள் தவறாமல் ஊரிலிருந்து போன் வரும். இவர் உடனே எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். கதவை வேறு சாத்திக்கொள்வார். தாழ்ந்த குரலில், "பாத்துக்கலாம்டா... பாத்துக்கலாம்" என்பது மட்டும் கேட்கும். என்னிடம் சொல்ல முடியாத பேச்சு என்ன பேச்சு? நான் வாணலியில் கரண்டியை வைத்துக்கொண்டே காதைத் தீட்டுவேன். கடுகு கருகியதுதான் மிச்சம்.

ஒரு தடவை, அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று சேகர் பேசினான். வீட்டுக்கென்று வைத்திருந்ததை எடுத்து இவர் அனுப்பினார். ஒரு வாரத்தில் சேகர் வாசலில் பழைய டிராக்டர் ஒன்று நிற்கிறது என்று ஊரிலிருந்து என் காதுக்கு வந்தது. சூடு கண்ட பூனை நான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யார் தும்மினாலும், அது எத்தனை ரூபாய்த் தும்மல் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் இவர் சவரம் செய்துகொண்டிருந்தார். போன் அடித்தது. சேகர்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார், உடனே கிளம்பி வா அண்ணே என்றான். இவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே விமானத்தில் கிளம்பினால் சென்னை போய், அங்கே இன்னொரு விமானம் மாறி இரவுக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். அவசரத்துக்குப் போகிறவனிடம்தானே விமானக்காரன் கொள்ளையடிப்பான்! போனில் காட்டிய விலையைப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். கடன் தவணை முந்தின நாள்தான் கணக்கிலிருந்து போயிருந்தது. மிச்சம் பேருக்குத்தான் இருந்தது. வீட்டுக்காகச் சேர்த்ததை வங்கியில் முடக்கிப் போட்டிருந்தோம். அதை உடைத்துக் கைக்கு வாங்க ஒரு நாளாவது ஆகும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பியை வீடியோவில் வரச் சொல்லுங்க. மாமாவைக் காட்டட்டும்" என்றேன்.

சொன்னேன்! சாகக் கிடக்கிற மனிதருக்குச் சாட்சி கேட்டேன்.

இவர் என்னைப் பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டுக் கேட்கவும் செய்தார். உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றான் சேகர். பார்த்தாயா, பார்த்தாயா என்று என் மனம் குதித்தது. புலி வருது, புலி வருது... இந்தத் தடவை டிராக்டருக்கு டயரா, டிரெயிலரா?

அப்போதுதான் அவர் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"வசந்தி, உன்கிட்ட ஏதாவது இருக்கா?"

"என்கிட்ட ஏதுங்க?"

டப்பா அவர் தலைக்கு நேர் பின்னால், திறந்திருந்த அடுப்படிக்குள், அலமாரியில் இருந்தது. அதில் ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு டிக்கெட்டுக்குப் பணம் இருந்தது. நான் டப்பாவைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் பாதிச் சவரத்தோடு முகத்தைக் கழுவிக்கொண்டு, பையில் இரண்டு சட்டையைத் திணித்தார். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போய்ச் சென்னை வண்டியில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினார். மாஷிமா மாடியிலிருந்து இறங்கி வந்து, ஏன் பிளேனில் போகவில்லை என்று கேட்டார். "டாக்கா நேயி, மாஷிமா" என்றேன். பணம் இல்லை என்று அர்த்தம். எனக்குச் சரளமாகச் சொல்ல வந்த முதல் வங்காளி வாக்கியம் அதுதான். அந்த அம்மாள், முன்னாடியே என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

மாமனார் வெள்ளிக்கிழமை காலையில் இறந்துபோனார்.

எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். இவர் மூத்தவர். இவர் வந்து சேரச் சனிக்கிழமை விடிந்துவிடும். சனிப் பிணம் தனியாகப் போகாது, கூட ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகும் என்று ஊர்ப் பெரியவர்கள் பயந்தார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வண்டி ஆந்திராவுக்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது சேகர் போனில் அழுதிருக்கிறான். இவர்தான், "நீயே வச்சிருடா" என்று சொல்லியிருக்கிறார். கால் வைக்க இடமில்லாத அந்தக் கூட்டத்தில், கழிவறைக் கதவுப் பக்கம் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்.

காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். சாப்பிட்டார், குளித்தார், மறுநாள் ஆபீஸ் போனார். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நான் குடைந்து கேட்டதற்கு, "தம்பிதான் வச்சான்" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் அவர் குளிக்கும்போது சேகரிடமிருந்து வந்த போனை நான் எடுத்தேன். அவன் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அப்பா கண்ணு ஆபரேஷனுக்குக் கேட்டப்பக்கூட அண்ணன் முடியாதுன்னுட்டார் மதினி. வீடு வாங்கணும், அவ ரொம்பக் கஷ்டப்படுறா, பாத்துக்கலாம்டான்னு சொல்லிட்டே இருந்தார். கடைசியில அப்பா பார்வை மங்கின கண்ணோட வாசலையே பாத்துக்கிட்டுப் போயிட்டார்" என்றான்.

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசிய ரகசியம் இதுதான்! பெற்ற அப்பனுக்கு இல்லை என்று சொல்வது எனக்குக் கேட்கக் கூடாது, கேட்டால் நான் வருத்தப்படுவேன் என்று கதவைச் சாத்தியிருக்கிறார். நான் இந்தப் பக்கம் கடுகைக் கருக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

டிராக்டர்? சாடையாக அதையும் கேட்டேன். அது சேகரின் மாமனார் வாங்கிக் கொடுத்தது. நெஞ்சு வலியும் நிஜம்தான்.

அன்றே டப்பாவை எடுத்து அவர் காலடியில் வைத்திருக்க வேண்டாமா? வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. எப்படி வைப்பேன்? வைத்தால், அந்த வியாழக்கிழமை இது எங்கே இருந்தது என்று கேட்பாரே... கேட்காமல் விட்டாலோ அதைவிடப் பயம்.

கடன் ஒருவழியாகத் தீர்ந்தது. சாந்த்ராகாச்சியில் ஒரு சின்ன ஃபிளாட் கைமாறி வந்தது. அங்கேதான் எங்கள் காசுக்கு அடங்கியது. முன்பணத்தில் கொஞ்சம் துண்டு விழுந்தது. அப்போது நான் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லி, சிறுவாட்டுப் பணத்தை அவர் முன்னால் வைத்தேன். அம்மாவுக்கும் போன் செய்து, கேட்டால் ஆமாம் என்று சொல் என்று பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவளையும் பொய்க்குக் கூட்டுச் சேர்த்தேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது. ஒரு நோட்டை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கணக்கு விட்டுப்போச்சு" என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

தெரிந்துவிட்டதா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அன்றிலிருந்து என் நெஞ்சுக்கு வேறு வேலையில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தவனுக்குக்கூட இரண்டு தடவை நன்றி சொல்கிற மனிதர் அவர். என் அம்மாவோடு போனில் பேசியபோது முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன் விடவில்லை? அம்மாவைப் பொய் சொல்ல வைக்க வேண்டாம் என்றா?

புது வீட்டில் பால் காய்ச்சினோம். மாமனார் படத்தை அவரே ஆணி அடித்து மாட்டினார். பெருங்காய டப்பாவை நான் புது அலமாரியில் வைத்தேன். காலி டப்பாதான், உள்ளே இரண்டு கட்டிப் பெருங்காயம் கிடந்தது, அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்துச் சாம்பார் வைக்க அதைத் திறந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த நோட்டுகள்.

அவர் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். டப்பாவோடு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"உங்க அம்மாவுக்கும் வயசாகுதுல்ல. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீ ரயில்ல போகக் கூடாது வசந்தி" என்றார்.

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். நான் அதே இடத்தில் நின்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

இது அன்பா? தண்டனையா? நீங்களாவது சொல்லுங்கள்... அன்பு என்றால் என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? தண்டனை என்றால், ஒரு மனிதன் தனக்குக் கிடைக்காததை எனக்காக இப்படிச் சேர்த்து வைப்பானா? இப்போதும் அவரைச் சந்தேகப்படத்தான் எனக்குத் தெரிகிறது, பாருங்கள்!

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் காலையில் எழுந்திருக்கிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரயில்வே யார்டு. தெற்கே போகிற வண்டிகள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகின்றன. முன்பதிவில்லாத பெட்டியில் கதவோரம் தொங்குகிறவர்களைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

என் அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் ஊரிலிருந்து போன் வந்தால் என் கண் முதலில் அந்த டப்பாவுக்குத்தான் போகிறது. அவர் வீட்டில் இல்லாதபோது திறந்து எண்ணிப் பார்க்கிறேன். குறைந்திருக்கிறதா என்று பார்க்கிற பழைய புத்தி...

ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. விமான டிக்கெட் விலை ஏறும்போதெல்லாம், என்னிடம் சொல்லாமல், அவர் அதில் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்.