காங்கேசன்துறைக்கு இரண்டு டிக்கெட்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இலங்கை வரைபடத்தை விரித்தேன். "நாகப்பட்டினத்துலேருந்து கப்பல்ல காங்கேசன்துறை போறேன். அங்கன ஒரு ஆட்டோவை வாடகைக்கு எடுத்து, நானே ஓட்டி, தெக்கே மாத்தறை வரைக்கும் போவேன்" என்று அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் தோசையிலிருந்து நிமிர்ந்தான். மேஜைக்கடியில் நீட்டியிருந்த என் இடது காலைப் பார்த்தான். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிய கால். தொடை வரை காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடக்கிறேன்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? கால் இப்படி இருக்கையில…"

"அம்பத்தெட்டு வருஷமா இப்படித்தான் இருக்கு. இனிமேலா மாறப் போவுது? நான் என்னத்துக்குக் காத்துக் கிடக்கணும்?"

ஆட்டோ என்று முடிவு செய்ய எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கப்பலில் வண்டி ஏற்ற மாட்டார்கள், ஆகவே என்னுடைய பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வராது. காரில் கிளச்சை மிதிக்க இடது கால் வேண்டும். ஆட்டோவில் கிளச்சும் கியரும் இடது கையில், பிரேக் வலது காலில். என் வலது கால் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் தாங்களே ஓட்டிப்போக ஆட்டோ வாடகைக்கு விடுபவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினாலு வயதில் கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு போனோம். எல்லாரும் படகில் பாறைக்குப் போனார்கள். "படியில ஏற உனக்குக் கஷ்டம், பையெல்லாம் பாத்துக்கோ" என்று என்னைக் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பத்து வருஷமாக மழை நாட்களில் என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரப் பெண்ணிடம் போய், ஓட்டச் சொல்லித் தரக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு காலி மைதானத்தில் பழகினேன். "அக்கா, ஸ்கூட்டர் ஓட்டுத கைதான? கிளச்சைப் பைய விடுங்க, போதும்." இரண்டாவது வாரம் வண்டியை வேலிக்குள் விட்டேன். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் ஏறினேன். ஐந்தாவது வாரம், லாரிகள் உறுமுகிற நாங்குநேரி ரோட்டில் ஓட்டினேன்.

லைசென்ஸுக்குப் போன இடத்தில் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். கொடுத்தேன். இன்னொன்று கேட்டார்கள். அதையும் கொடுத்தேன். மூன்றாம் முறை அதிகாரி கேட்டார்: "என்னத்துக்கும்மா இந்த வயசுல? ஆட்டோ ஓட்டியா பிழைக்கப் போறீங்க?"

"இல்ல சார், ஊர் சுத்தப் போறேன். ஓட்டச் சொல்லிப் பாருங்க. இடிச்சேன்னா ஃபெயில்னு எழுதுங்க."

எட்டு போட்டேன். பின்னால் எடுத்தேன். ஒரு கம்பைக்கூடத் தொடவில்லை. அவர் தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சர்வதேச லைசென்ஸ் கைக்கு வந்த அன்று மதினி என் அறைக்கு வந்தாள். அண்ணனோடு சேர்ந்து எனக்குப் புத்தி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தன் பாஸ்போர்ட்டை வரைபடத்தின் மேல் வைத்தாள். "ஒரு டிக்கெட்டா போட்டிருக்க? ரெண்டாப் போடு."

"அண்ணன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?"

"மாவு இருக்கு, அடுப்பு இருக்கு. அவுகளுக்கு ரெண்டு கையும் இருக்கு."

அதன்பிறகு இரண்டு பேருமாகத் திட்டம் போட்டோம். ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் இல்லை. ஒவ்வொரு விடுதிக்கும் மதினியே போன் செய்து, "வாசல்ல எத்தனை படி?" என்று கேட்டாள். மூன்று படிக்கு மேல் என்றால் அடுத்த விடுதி.

நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது, கடல் சரியில்லை, கப்பல் புறப்படாது என்றார்கள். அண்ணன் போன் செய்தான்: "கடலே போவாதன்னு சொல்லுது. திரும்பி வந்துருங்க."

"கடல் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நாளைக்கழிச்சுப் புறப்படும்னு கவுண்டர்ல சொன்னாங்க" என்றேன்.

மூன்றாம் நாள் புறப்பட்டது. ஏறுகிற இடத்தில் என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "தூக்காண்டாம். கையை மட்டும் குடுங்க" என்றேன். மதினி வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரை தெரியும் வரை நின்றேன். உட்காரச் சொல்லி நாலைந்து பேர் இடம் கொடுத்தார்கள். எனக்கு உட்கார மனமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆட்டோ வாடகைக்கு விடுபவர் என் காலிப்பரைப் பார்த்ததும் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "அம்மா, நீங்களோ ஆட்டோ ஓடப் போறீங்கள்?"

"நீங்க பின்னால ஏறி உக்காருங்க" என்றேன். சந்தையைச் சுற்றி ஒரு சுற்று வந்து, அவர் வாசலிலேயே நிறுத்தினேன். சாவியை என்னிடமே விட்டுவிட்டுப் போய் தேநீர் வாங்கி வந்தார்.

ஆனையிறவு தாண்டும்போது அண்ணன் மறுபடியும் கூப்பிட்டான். மதினி போனை எடுத்து, "அவ வண்டி ஓட்டுதா. அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டாள். நேர் சாலை, இரண்டு பக்கமும் தண்ணீர், எதிர்க்காற்று. எனக்குச் சத்தம் போட வேண்டும் போலிருந்தது. போட்டேன். மதினியும் போட்டாள்.

கண்டி ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை நின்று பின்னால் உருண்டது. மதினி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பதினேழாம் நாள் மாத்தறையில் ஆட்டோக்காரர் அனுப்பிய ஆளிடம் சாவியை ஒப்படைத்தோம். காலிப்பர் உரசித் தொடையில் பெரிய புண். அது ஆற ஒரு மாதம் ஆனது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் அந்தப் புண்ணைப் பற்றித்தான் சொல்கிறான்.

சொல்லட்டும்.